பழைய வீட்ட மியூசியம் ஆக்கப் போறீங்களா? காச பத்தி முதல்ல பேசுங்க

மியூசியமா மாத்தின இன்னொரு வீடும் மூடியாச்சு. ஊர் பேரு வேணாம், மலேசியாவுல பேராக்ல நம்ம பக்கம்தான். தோட்டத்து பெரிய கிராணி (தலைமை குமாஸ்தா) குடியிருந்த வீடு, ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி கட்டினது, கீழ செங்கல் சுவரு மேல பலகை தரை. ஊர்க்காரங்க நாலஞ்சு பேரு சேர்ந்து அவ்ளோ ஆசையா கூட்டி பெருக்கி சாயம் அடிச்சு, ஒய்பி, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதிய கூப்பிட்டு ரிப்பன் வெட்டி, பேப்பர்லல்லாம் படம் வந்துச்சு. இப்ப ஓடு சரிஞ்சு மழை நேரா உள்ள கொட்டுது, ஜனங்க குடுத்த சாமானெல்லாம் யாரு வீட்டு பின்கட்டுலயோ கிடக்கு.

சுங்கை சிப்புட் பக்கம் இதே மாதிரி ஒரு வீட்ட சொசைட்டி மூலமா நடத்தறதுதான் என் வேலை, அதனால எல்லாரும் எனக்குத்தான் போன் பண்றாங்க, ஆனா எல்லாம் கெட்டுப்போன பிறகுதான் பண்றாங்க. இனிமே முன்னாடியே கேளுங்கன்னுதான் இத எழுதறேன்.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கறது ஒரு பேச்சுதான். "அக்கா, நாம லாப நோக்கமில்லாத சங்கம்தானே, பேங்க்ல காசு மிச்சம் வெச்சா சங்கங்கள பதியற ஆபீஸ் ஆர்ஓஎஸ் பிடிச்சுக்குமே, அதான் வர்றத வர்றத செலவு பண்ணிட்டோம்." இத கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. யாரு சொன்னா உங்களுக்கு இத? லாப நோக்கமில்லாததுன்னா மிச்சமாகற காச மெம்பருங்க பங்கு போட்டுக்க முடியாது, அவ்ளோதான். மிச்சமே ஆகக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. டிக்கெட் போடலாம், கடை வெக்கலாம், ஹால வாடகைக்கு விடலாம், வேலை செய்யற ஆளுக்கு சம்பளம் குடுக்கலாம், குடுக்கணும். வர்ற காசு அந்த வீட்டுக்கே திரும்பப் போகணும், கணக்கு காட்டணும், அதுதான் விஷயம். மிச்சம் வெக்காத சங்கத்துக்கு ஓடு சரியறப்போ கையில என்ன இருக்கும்? கூட்டம் போட்டு நன்கொடை கேப்பீங்க, காசு சேர்றதுக்குள்ள பலகை தரை ஊறி கரையான் ஏறியிருக்கும்.

அமெரிக்காவுல ஜார்ஜ் வாஷிங்டன் வீடு மவுண்ட் வெர்னான் இருக்கு பாருங்க, அத காப்பாத்தினது பொம்பளைங்க சங்கம். 1853ல ஆரம்பிச்சு, ஊர் ஊரா காசு சேர்த்து, 1858ல 2 லட்சம் டாலருக்கு விலை பேசி எழுதி வாங்கினாங்க. இன்னைக்கு வரைக்கும் அதே சங்கம்தான் நடத்துது, கவர்மெண்ட் காச எதிர்பார்க்காம. டிக்கெட் இருக்கு, கடை இருக்கு, சாப்பாட்டுக் கடை இருக்கு, நன்கொடை வருது, அத்தனையும் இருந்தும் அது லாப நோக்கமில்லாத சங்கம்தான். இங்கிலாந்துல பழைய வீடுங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்கிட்ட போய் என் வீட்ட இனாமா எடுத்துக்கோங்கன்னு சொன்னா, பராமரிப்புக்கு முதலீட்டுப் பணம் எங்கன்னு கேக்கும். வீட்டோட சேர்த்து அந்த வீடு உயிரோட இருக்கறதுக்கான காசும் வரணும். நம்ம ஆளுங்க சாவிய வாங்கினதுமே பேனர் அடிக்கப் போயிடறாங்க.

டிக்கெட்லயே ஓட்டிடலாம்னு நினைக்கறவங்க உக்காந்து ஒரு கணக்கு போடுங்க. வாரத்துக்கு 40 பேரு, ஆளுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) வெச்சாலும் மாசத்துக்கு 800 வெள்ளி. குறைஞ்சபட்ச சம்பளமே 1,700 வெள்ளி, அதுல பாதிகூட தேறல, இதுக்கு மேல கரண்டு, தண்ணி, இன்சூரன்ஸ், கரையான் மருந்து. பத்து காஜா பக்கத்துல கெல்லி கோட்டைக்கு கூட்டம் வருதுன்னா அது வேற கதை, பாதி கட்டின மாளிகை, 1926ல செத்துப்போன துரை, பக்கத்துல நம்ம ஆளுங்களுக்காக எழும்பின மாரியம்மன் கோயில், எல்லாம் சேர்ந்து இழுக்குது. கிராணி வீட்டுக்கு அந்த கூட்டம் வராது, வரும்னு எதிர்பார்க்கவும் கூடாது. பினாங்குல சியோங் ஃபாட் ஸி மாளிகைக்கு 2000ல யுனெஸ்கோ விருதே கிடைச்சுது, அதுலயும் ரூம் வாடகைக்கு விட்டுதான் ஓட்டறாங்க, டூர் ஒரு பக்கம் நடக்கும். அது வியாபாரம்தான், நம்மள மாதிரி சங்கம் இல்ல, ஆனா கூரை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஒழுகும்.

அதனால நான் பல பேருகிட்ட மியூசியமே வேணாம்னு சொல்றேன், கோவிச்சுக்கறாங்க. முன் ரூம்ல மட்டும் தோட்டத்து சாமான வெச்சுட்டு மீதி வீட்ட டியூஷனுக்கோ லைப்ரரிக்கோ குடுங்க. தினமும் ஆள் நடமாடற வீட்டுல ஒழுகறது அன்னைக்கே தெரிஞ்சுடும்.

அடுத்தது நிலம். தலைவர் பேருல வெக்காதீங்க, அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாலும் சரி. அவருக்கு அப்புறம் அது பிள்ளைங்களுக்குப் போயிடும், பிள்ளை கேட்ட பூட்டிட்டா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும், மேல சொன்ன வீட்டுல பாதி பிரச்சனை இதுதான். சங்கத்துப் பேருலயே பதியலாம், டிரஸ்டீங்க பேருலயும் பதியலாம், வக்கீல்கிட்ட போய் உக்காந்து முடிச்சுட்டு அப்புறமா சாயம் வாங்கப் போங்க. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள ஆர்ஓஎஸ்க்கு ஆண்டறிக்கை போகணும், செயலாளர் பிஸின்னு காரணம் சொல்லாதீங்க. இன்னொண்ணு, ஆர்ஓஎஸ்ல பதிஞ்சுட்டாலே வரிக்கழிவு ரசீது குடுக்கலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. முடியாது. வருமான வரிச் சட்டம் 44(6)க்கு வரி இலாகா எல்எச்டிஎன்கிட்ட தனியா எழுதிப் போட்டு அனுமதி வாங்கணும். கொஞ்சம் வேலைதான், ஆனா அது இருந்தாத்தான் கம்பெனிக்காரன் பெரிய தொகையா குடுப்பான்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்பு பூச்சு உதிருதுன்னு சிமெண்ட் பூசற பாஸ்கிட்ட குடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். பழைய செங்கல் மண்ணுலேருந்து ஈரத்த இழுக்கும், சுண்ணாம்பு அத வெளிய விடும், சிமெண்ட் விடாது, ரெண்டு மழைக்காலத்துல உப்பு பூத்து செங்கலே பொடியா கொட்டும். பகல்ல ஏர்கான் போட்டு ராத்திரி நிறுத்தறதும் வேணாம். நம்ம ஊர் காத்துல அதுக்கு படமெல்லாம் பூஞ்சை பிடிக்கும், ஜன்னல தொறந்து ஃபேன் போட்டாலே போதும்.

சாமான் விஷயத்துலதான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. ரப்பர் பால் பிடிக்கற மங்கு, பால் வாளி தோள்ல தூக்கற காண்டா, பால் வெட்டற கத்தி இதெல்லாம் எல்லா வீட்டுலேருந்தும் வரும், பத்து மங்கு இருந்தா பதினோராவது மங்குக்கு நன்றி சொல்லி திருப்பிக் குடுங்க. ஆனா செக்ரோல், அதாவது தோட்டத்து ஆளுங்க வேலைக்கு வந்த நாள் கணக்குப் புத்தகம், வந்தா விடாதீங்க. போன மாசம் ஒரு அம்மா மார்க்கெட் பிளாஸ்டிக் பையில சுத்தி ஒண்ண கொண்டு வந்தாங்க, அட்டை ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, உள்ள வரிசையா பேரு, பேருக்கு நேரா நாள்கணக்கு கோடு, அரைநாளுக்கு சிவப்பு மையில பாதி கோடு, சில பேருக்கு நடுவுலயே கோடு நின்னு போச்சு. 1942க்கும் 45க்கும் நடுவுல ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய் திரும்பாத நம்ம ஜனங்க எத்தனையோ பேரோட பேரு எந்த கல்லுலயும் இல்ல, இந்த மாதிரி ஒரு புத்தகத்துலதான் இருக்கலாம். அத லேமினேட் பண்றேன்னு ஒருத்தரு நிக்கறாரு! சூடு, பிளாஸ்டிக், பசை, மூணும் சேர்ந்து தாள தின்னுடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேணாம். போன்லயாவது பக்கம் பக்கமா படம் எடுங்க, பென்சில்ல நம்பர் போடுங்க, தரையில வெக்காதீங்க.

குடுத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குங்க, குடுத்ததா இரவலான்னு தெளிவா எழுதி. இரவல்னா எந்த தேதி வரைக்கும்னு போடுங்க. "சும்மா வெச்சுக்கோ தங்கச்சி"ன்னு குடுத்தவரோட பேரன் பின்னாடி வந்து கேக்கறப்போ அந்த ஒரு தாள்தான் உங்களுக்கு பேசும். சங்கம் கலைஞ்சா சாமான் எங்க போகும்னும் யாப்புலயே (சங்கத்து விதிமுறையில) எழுதி வெச்சுடுங்க, இத யாருமே எழுதறதில்ல.

ஏற்கனவே வீடு கையில இருக்கறவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். அக்டோபர் மழைக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி கூரைத் தண்ணி ஓடற கட்டர்ல அடைச்சிருக்கற இலைய வாருங்க, உடைஞ்ச ஓட எண்ணுங்க, பழைய வயரு எலி கடிச்சிருக்கான்னு கரண்டு வேலைக்காரர வெச்சு பாருங்க, தீயணைப்பு போம்பாகாரங்கள ஒரு தடவை கூப்பிட்டு காட்டுங்க. அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க, யாப்பு எழுதறதுக்கு உக்காந்து உதவி பண்றேன்.