கேத்தலைப் போட்டால் கரண்ட் போகிறதா? எது விழுந்தது என்று முதலில் பாருங்கள்

"தம்பி, ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்குது, மாத்திவிடுங்கோ." கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு குசினியில் இருக்கும்.

வீட்டு மெயின் போர்டில் டெஸ்ட் பொத்தான் வைத்த அகலமானதுதான் ட்ரிப் சுவிட்ச், பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஒல்லியானவை பிரேக்கர்கள். பிரேக்கர் விழுந்தால் லோட் கூடிவிட்டது, இல்லாவிட்டால் எங்கேயோ ஷோர்ட். 2200 வாட் கேத்தல் நம்முடைய 230 வோல்ட்டில் தனியாகவே ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும், அதே மல்டிபிளக்கில் ரைஸ் குக்கரும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பதினேழைத் தாண்டும். 13 ஆம்பியர் பிளக்குக்கு இது அதிகம், ஆனால் 20 ஆம்பியர் பிரேக்கருக்கு ஒன்றுமே இல்லை, அது பேசாமல் நிற்கும், பிளக் பேஸ் கருகும். விழாத பிரேக்கரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கதை வேறு. கரண்ட் வரும் வயரான லைனில் போனது, திரும்பும் வயரான நியூட்ரலில் அப்படியே திரும்பிவர வேண்டும், வழியில் 30 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே அது விழுந்துவிடும். கேத்தல், ஓவன் எலிமென்ட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை இழுக்கும் சாமான், ஈரம் ஏறினால் கரண்ட் கசியும், அதனால்தான் கிறிஸ்மஸ் கேக்குக்காக மட்டும் வெளியே வரும் ஓவன் மழைக்காலத்தில் போட்டவுடன் வீட்டையே இருட்டாக்குகிறது. கடலோரத்து உப்புக்காற்றும் தன் பங்குக்கு டெர்மினல்களை அரித்துவைக்கும்.

எந்தச் சாமான் என்று பிடிக்க, எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் பேஸ் சுவிட்ச்சை ஓஃப் பண்ணினால் போதாதா என்று கேட்பார்கள், போதாது, அது லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல், கசிவை நிலத்துக்கு இறக்கும் எர்த் வயரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஓஃபில் இருக்கும் ஃபிரிட்ஜ்கூட ட்ரிப் சுவிட்ச்சை விழுத்தும். பிறகு ட்ரிப் சுவிட்ச்சைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதில் விழுகிறதோ அதை எடுத்து ஓரமாக வையுங்கள். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பெரும்பாலும் வயரிங்கில்தான் பிழை, ஆளைக் கூப்பிடுங்கள்.

சிலர் எர்த் வயரைக் கழற்றிவிட்டு "இப்ப சரி" என்று காசு வாங்கிப் போய்விடுகிறார்கள். சரியில்லை. கசிவு அங்கேயேதான் இருக்கிறது, இனி அது கேத்தலைத் தொடும் ஆளின் உடம்பு வழியாக இறங்கும். அந்த டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்துங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லையென்றால், அப்போது சுவிட்ச்சை மாற்றத்தான் வேண்டும்.