கிளாஸுக்குள் ஒரு குமிழிச் சரம்

போன கிறிஸ்துமஸ் இரவு, பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் ஸ்பார்க்ளிங் ஒயின் திறந்தார்கள். சாயங்காலத்திலிருந்தே பாட்டில் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. கார்க் தெறித்ததும் பாதி ஒயின் நுரையாகப் பொங்கி மேசை விரிப்பில் கொட்டியது. மிச்சத்தில் மாதுளைச் சாறும் ஐஸும் கலந்தோம். இரண்டு வாய் குடிப்பதற்குள் சுறுசுறுப்பெல்லாம் போய்விட்டது.

ஒயினில் குறை எதுவும் இல்லை. ஷாம்பெயின் முறையில், ஒயினை பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிடும். வெளியேற வழியில்லாத அந்த வாயு ஒயினிலேயே கரைந்துவிடும். உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கார்க்கைச் சுற்றிக் கம்பி கட்டுவது இதனால்தான். திறக்கும்போது யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்காதீர்கள்.

திரவம் சூடாக ஆக, வாயுவைப் பிடித்து வைக்கும் சக்தி குறையும். 5 டிகிரியில் தண்ணீரில் கரையும் கார்பன் டை ஆக்ஸைடில் பாதிகூட 30 டிகிரியில் கரையாது. நம் ஊரில் டிசம்பர் பகலே 30 டிகிரியைத் தொடும். அதனால் பாட்டில், சாறு, கிளாஸ் மூன்றும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஐஸ் போட்டால் அதன் சொரசொரப்பான மேற்பரப்பே வாயுவைக் கிளப்பிவிடும்.

சொரசொரப்புக்கு ஏன் இந்த வேலை? திரவத்துக்கு நடுவில் ஒரு குமிழி தானாகப் பிறப்பது மிகக் கடினம். வாயு வந்து சேர, ஏற்கெனவே ஒரு துளி காற்று எங்காவது சிக்கியிருக்க வேண்டும். கிளாஸை உற்றுப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து குமிழிகள் சரம் கோத்தது போல் எழும். அந்தப் புள்ளியில் பெரும்பாலும் துடைத்த துண்டின் பஞ்சு நூலிழை ஒன்று ஒட்டியிருக்கும். இழைக்குள் சிக்கிய காற்றில் வாயு சேர்ந்து, பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலே போகும். போகும் வழியிலும் வாயுவைச் சேர்த்துக்கொள்வதால் மேலே போகப் போகக் குமிழி பெரிதாகும், சரத்தின் இடைவெளியும் கூடும். எனக்கு இதைப் பார்த்து அலுத்ததே இல்லை.

சரி, கலப்பது எப்படி? குளிர்ந்த கிளாஸில் இரண்டு ஸ்பூன் மாதுளைச் சாறு. அப்புறம் கிளாஸைச் சாய்த்து, ஒயினைச் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள். நேராகக் கொட்டினால் வாயு அதிகம் போய்விடும். ஆரஞ்சுத் தோலை மேலே பிழியுங்கள். உடையும் குமிழிகள் தெறிக்கும் நுண்துளிகளோடு அந்த வாசனையும் மூக்குக்கு வரும். கலக்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒயினுக்குப் பதில் குளிர்ந்த சோடா. அதில் இரண்டு உலர்திராட்சை போட்டுக் கொடுங்கள். முதலில் அடியில் போய் உட்காரும். சுருக்கங்களில் குமிழிகள் ஒட்டிக்கொண்டதும் மிதந்து மேலே வரும். மேலே குமிழிகள் உடைந்ததும் கனம் திரும்பி, மறுபடி கீழே இறங்கும்.