தன் கையைத் தானே காணாத இயந்திரம்

காசு போட்டு, எஃகுப் பந்தை இலக்குகளில் மோதவிட்டுப் புள்ளி சேர்த்து ஆடும் பின்பால் இயந்திரத்தின் முன்பக்கத்தில் உள்ள காசுக் கதவைத் திறந்தால், உட்புறத்தில் சில சிறிய பொத்தான்கள் தென்படும். 1990களில் வில்லியம்ஸ், பேலி ஆகிய பெயர்களில் வெளிவந்த இயந்திரங்களில் இவை நான்கு: நுழைய, மேலே நகர, கீழே நகர, வெளியேற. இவற்றைக் கொண்டு உள்ளே சென்றால், அதுவரை ஆட்டக்காரரின் புள்ளிகளைக் காட்டிய திரையில் பந்து படுவதை உணரும் சுவிட்ச், பந்தை உதைக்கும் மின்காந்தச் சுருளான காயில், விளக்கு, ஒலி, திரை என்று சோதனைகளின் பட்டியல் விரியும். இந்தச் சோதனைகள் பழுதின் பெயரை நேரடியாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். இயந்திரம் தனக்கு வரும் செய்திகளை மட்டுமே அறியும். தான் இட்ட கட்டளை நிறைவேறியதா என்பதை அறிய அதற்குக் கண் இல்லை. அந்தக் குறையை நிரப்புபவர் கதவருகே நிற்கும் மனிதர்.

மனிதரின் துணையின்றி இயந்திரம் செய்துகொள்ளும் சோதனையும் ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் நுண்செயலி நுழைந்த காலத்துப் பேலி இயந்திரங்களில், மின்சாரம் கொடுத்தவுடன் மின்பலகையில் உள்ள சிறு எல்.இ.டி. விளக்கு ஒருமுறை சிமிட்டி, பிறகு ஏழு முறை ஒளிரும். ஒவ்வொரு ஒளிர்வும் நிரந்தர நினைவகம், தற்காலிக நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகள் என்று ஒரு படி தேறியதற்கான அடையாளம். ஏழாவது, காயில்களுக்கான 43 வோல்ட் மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறது. ஆகவே ஆறோடு நின்றுவிட்டால் சில்லுகளைச் சந்தேகிக்கும் முன் ஃபியூஸைப் பார்ப்பது அறிவுடைமை. திரையே இல்லாமல் ஒற்றை விளக்கைக் கொண்டு இவ்வளவையும் சொல்லிவிடும் இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சுவிட்ச் சோதனைதான் இவற்றுள் மிகவும் பயனுடையது. அதைப் புரிந்துகொள்ள, கம்பிகள் ஓடும் முறையை அறிய வேண்டும். ஆட்டப் பலகையின் அடியில் அறுபதுக்கும் குறையாத சுவிட்சுகள் இருக்கக்கூடும்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பது இயலாத காரியம். எனவே எட்டு நெடுவரிசைகளும் எட்டுக் கிடைவரிசைகளுமாக 16 கம்பிகளைப் பின்னி, அவை சந்திக்கும் 64 இடங்களில் சுவிட்சுகளை அமைக்கிறார்கள். நுண்செயலி ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையை மட்டும் இயக்கி, எட்டுக் கிடைவரிசைகளில் எவை பதில் தருகின்றன என்று படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் இது பல சுற்றுகள் முடிந்துவிடும். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள சுவிட்சுகள் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டால், மின்னோட்டம் சுற்றுவழியாகப் பாய்ந்து, யாரும் தொடாத நான்காவது சுவிட்சும் மூடியதாகக் காட்டும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு சுவிட்சிலும் ஒருவழிப் பாதையாக ஒரு டயோடு வைக்கப்படுகிறது. ஒரு டயோடு பழுதானால், பந்து படாத இலக்கு புள்ளி வழங்கும் விந்தையைக் காணலாம்.

சோதனையில் ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் அழுத்தியோ, பந்தை அதன்மேல் உருட்டியோ பார்க்க வேண்டும். பந்தைப் பயன்படுத்துவதே நல்லது. விரலின் அழுத்தத்துக்கு இணங்கும் சுவிட்ச், ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்துக்கு இணங்காமல் போகலாம். திரை சுவிட்சின் பெயரையும் எண்ணையும், சில இயந்திரங்களில் கம்பிகளின் நிறங்களையும்கூடக் காட்டும். 36 என்றால் மூன்றாம் நெடுவரிசை, ஆறாம் கிடைவரிசை. ஒன்று மட்டும் பேசாவிட்டால் குற்றம் அந்தச் சுவிட்சிலோ அதன் டயோடிலோ இருக்கும். ஒரு வரிசை முழுவதும் மௌனமானால் மின்பலகையையோ இணைப்பானையோ நோக்க வேண்டும். வரிசையின் பாதி வேலை செய்து மீதி செய்யாவிட்டால், சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குத் தாவிச் செல்லும் அந்தக் கம்பி இரண்டுக்கும் இடையில் அறுந்திருக்கிறது. அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் சுவிட்சுகள் மட்டும் ஒளி தடைபடாதபோதே மூடியவையாகத் தெரியும். புதியவர்கள் இதையே பழுதென்று எண்ணிக் கழற்றிவிடுவதுண்டு.

இவ்வளவும் செய்ய உதவும் அந்த நான்கு பொத்தான்களும், காசு விழுவதை உணரும் சுவிட்சுகளும் இந்தப் பின்னலில் சேராமல் தனிக் கம்பிகளில் வருகின்றன. பின்னல் முழுவதும் செயலிழந்தாலும் சோதனைக்குள் நுழைய வழி திறந்தே இருக்கும்.

காயில் சோதனையில் நிலைமை தலைகீழாகிறது. நுண்செயலி, மின்னணுச் சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டர் வழியாக ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மின்சாரம் விடுகிறது; திரையில் அதன் பெயர் வருகிறது; ‘டக்’ என்ற ஓசை கேட்டதா என்பதை நம் காதுதான் சொல்ல வேண்டும். பல இயந்திரங்களில் காசுக் கதவு திறந்திருந்தால் பாதுகாப்புக்காகக் காயில்களின் மின்சாரம் துண்டிக்கப்படும். அதற்குரிய சுவிட்சை வெளியே இழுத்துவிடாமல் சோதிப்பவருக்கு எல்லாக் காயில்களும் செத்துப்போனவைபோலத் தோன்றும். டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டால், யாரும் கட்டளையிடாமலே காயில் இழுத்தபடி நின்று சூடேறிக் கருகும். மென்பொருளோ அதை அணைத்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும். அந்நிலையில் செய்யத் தக்கது மின்சாரத்தை உடனே நிறுத்துவது ஒன்றே. விளக்குச் சோதனையும் இவ்வாறே கண்ணை நம்பியது. விளக்குகளும் பெரும்பாலும் எட்டுக்கு எட்டுப் பின்னலில் இருப்பதால், சுவிட்சுகளுக்குச் சொன்ன தருக்கம் அவற்றுக்கும் பொருந்தும்.

ஆட்டம் நடக்கும்போதும் மென்பொருள் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. நெடுநாள் ஒரு சுவிட்சிலிருந்து செய்தியே வராவிட்டால் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறது. வில்லியம்ஸ் இயந்திரங்களில் ஆட்ட இருப்பை, அதாவது போட்ட காசுக்கு இன்னும் ஆட மீதமுள்ள ஆட்டங்களைக் காட்டும் எண்ணுக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி தோன்றுவது இதற்கான குறிப்பு. அந்தச் சுவிட்ச் அடைவதற்கு அரிய இலக்காக இருந்து, ஆட்டக்காரர்கள் எவரும் அதை அடிக்காததாலும் இந்த முற்றுப்புள்ளி வரலாம். காயில்களைப் பற்றியும் இயந்திரம் சுற்றிவளைத்து ஓரளவு அறிந்துகொள்கிறது: பந்தை வெளியே தள்ளுமாறு கட்டளையிட்ட பின்னும், பந்து தங்கும் பள்ளத்தின் சுவிட்ச் மூடியே இருந்தால், மீண்டும் மீண்டும் உதைத்துப் பார்க்கிறது. கட்டளை பலித்ததா என்பதை அதற்குச் சொல்வது அந்தப் பந்துதான்.