தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு

கொலைகாரன் சிறைக்குப் போய்விட்டான். கணவரை இழந்த பெண்ணோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைத்தார். அரசிடம் இழப்பீடு கேட்க வழியுண்டு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. தண்டிப்பதோடு நீதி முடிந்தது என்றே நம் அலுவலகங்கள் நினைக்கின்றன.

வழி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவு; 2024 ஜூலைக்கு முன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ. பணம் அரசுடையது. தொகையை முடிவு செய்வது, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

"வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காவிட்டாலும் அந்த ஆணைக்குழுவிடம் நீங்களே மனுக் கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் வாய்திறந்து கேட்காவிட்டால் பெரும்பாலும் அது நடப்பதில்லை. தீர்ப்புக்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குற்றங்களில், தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி பெண்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். இறுதியாகத் தரும் இழப்பீட்டில் 75 சதவீதம் குறைந்தது மூன்றாண்டு வைப்புத்தொகையாகப் போடப்படும். முழுத் தொகையும் உடனே கைக்கு வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது காவல் நிலையத்தில்தான். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். எனும் புகார் ஏற்பு ரசீதை நீட்டுவார்கள். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. அதை மட்டும் கொண்டுபோனால் மனு நகராது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தந்தே ஆகவேண்டும். பதிவு செய்யவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், மருந்துக் கடை ரசீதுகள் எதையும் தொலைக்காதீர்கள். உயிரிழப்பு என்றால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். தாலுகா அலுவலகத்தில்தான் மாதங்கள் கரையும்.

"கொடுப்பதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள். மிரட்டி வாங்கும் சமரசத்தில் யாருடைய காயமும் ஆறுவதில்லை. பாலியல் வன்கொடுமை வழக்கில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் தாமதத்தைக் கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண் 15100.