பூவைப் பறிக்காமல், பூச்சியை உறைய வைக்காமல்

பூவையும் பூச்சியையும் மிகக் கிட்ட நின்று எடுக்கும் நெருக்கப் படம் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அதற்கென்றே செய்யப்படும் மெக்ரோ வில்லையின் விலை. அடுத்த கேள்வி பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: “அண்ணா, பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அசையாமல் இருக்குமாமே, உண்மையா?”

உண்மைதான், அசையாது. நம்மைப் போல உடற்சூட்டை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்கப் பூச்சியால் முடியாது. சுற்றியுள்ள வெப்பம் இறங்கினால் அதன் தசைகளும் ஓய்ந்துவிடும். ஆனால் கொழும்பின் முப்பது பாகை வெக்கையில் பிறந்து வளர்ந்த உயிர் அது. திடீரென்று நான்கு ஐந்து பாகைக்குள் தள்ளப்பட்டால் சில எழுந்திருக்கும், சில எழுந்திருக்கவே மாட்டாது. படமும் நன்றாக வராது. கால்கள் உடலோடு மடங்கி, உணர்கொம்புகள் தொங்கி, ஓர் இலையின்மேல் யாரோ கொண்டுவந்து வைத்தது போலவே தெரியும். நாள்தோறும் பூச்சி பார்ப்பவர்களுக்கு அது ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

கேட்பவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். வங்கி அலுவலர், பல்கலைக்கழக மாணவி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எல்லாரும் பூவையும் வண்டையும் நேசித்துத்தான் கமெராவை வாங்கியிருக்கிறார்கள். பத்துப் படம் எடுத்துப் பத்தும் மங்கலாக வந்தபிறகு, இணையத்தில் யாரோ சொன்ன குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். திருமண மண்டபங்களில் பிழைப்பு நடத்தும் நான் வார இறுதிகளில் இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்து வருவதில் கண்டுகொண்டது ஒன்றுண்டு: அசைகிற பூவை எடுக்கத் தெரியாதவர்தான் பூவைப் பறிக்கிறார். ஆகவே நல்லொழுக்கம் போதிப்பதற்கு முன் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கணக்கு இதுதான். 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள முழுச்சட்ட உணரியில், அதாவது கமெராவுக்குள் படம் பதியும் தகட்டில், ஒரு பொருளை அதன் உண்மையான அளவிலேயே பதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லையில் ஒளி புகும் துவாரத்தை எட்டில் வைத்தால் (எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்) தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஒரு மரவண்டின் நீளம் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். கண் தெளிவாக இருந்தால் சிறகு மங்கும், சிறகைப் பிடித்தால் கண் போய்விடும். துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கினால் ஆழம் இரண்டு மில்லிமீற்றர் ஆகும். ஆனால் அந்த நெருக்கத்தில் வில்லை பதினாறாக நடந்துகொள்வதில்லை, முப்பத்திரண்டாக நடந்துகொள்கிறது. சிறு துவாரத்தின் ஓரங்களில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும். ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒளி குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், ஷட்டர் மெதுவானால் கடற்காற்றில் ஆடும் செவ்வரத்தை ஒரு சிவப்புக் கோடாகத்தான் பதியும்.

ஆழம், ஒளி, நேரம் மூன்றும் ஒருசேரச் சுருங்கும் இடத்தில் நிற்கிறோம். இது தெரியாதவர் வில்லையைக் குறை சொல்லி இன்னும் விலை கூடியதை வாங்குவார், அல்லது பூச்சியை அசையவிடாமல் செய்யப் பார்ப்பார்.

ஆழம் குறைவு என்பதற்கு முதல் மருந்து கோணம். வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிறகு ஏறக்குறைய ஒரு தாள் மாதிரி தட்டையானது. உங்கள் உணரியின் தளமும் சிறகின் தளமும் இணையாக இருந்தால், ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே முழுச் சிறகும் அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி போய்விடும். பழகுகிறவர்கள் பூச்சியின் முன்னால் போய் நின்று படமெடுக்கிறார்கள். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும் என்பதை நம்பவே மாட்டார்கள். தும்பியும் அப்படித்தான், பக்கவாட்டில் நின்றால் தலை முதல் வால்நுனி வரை கிடைக்கும்.

பூவுக்கு இந்த உத்தி எப்போதும் பொருந்தாது, பூ தட்டையாக இருப்பதில்லையே. அங்கே எது தெளிவாக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். செவ்வரத்தையின் நீண்ட தண்டின் நுனியில் ஐந்து சிவந்த சூல்முடிகள் உருண்டையாக நிற்கும். அந்த ஐந்தும் கூர்மையாக விழுந்தால் இதழ்கள் கரைந்து போனாலும் படம் நிற்கும். இதழைப் பிடித்துச் சூல்முடியை விட்டால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். நகராத பொருளென்றால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்கலாம். ஆனால் காற்றில்லாத அறை இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள், பொறுமை போய்விடும்.

குவியத்துக்குத் தானியங்கியை நம்பாதீர்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவில் வளையத்தை நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக அசைத்துக் கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளலாம். முக்காலி பூவுக்கு நல்லது. பூச்சிக்கு நீங்கள் முக்காலியை விரித்து முடிப்பதற்குள் அது அடுத்த வளவுக்குப் போயிருக்கும்.

ஒளிக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து பிளாஷ். இயற்கைப் படத்துக்குப் பிளாஷா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களோடு வாதாடுவதில்லை. குறைந்த சக்தியில் ஒரு சிறு பிளாஷ் மின்னும் நேரம் ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும்விடக் குறைவு. அதற்குள் எந்தப் பூவும் ஆடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி செய்வதாகச் சொல்லப்படும் வேலையை இது ஓர் உயிரையும் தொடாமல் செய்கிறது. ஆனால் வெறும் பிளாஷ் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டாக எரியும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டியோ, ஒளி ஊடுருவும் தடித்த தாளை வளைத்தோ பிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே வையுங்கள், பூச்சிக்கு எவ்வளவு கிட்டமாக முடியுமோ அவ்வளவு கிட்டமாக. பூச்சியின் கண்ணுக்கு அந்த டப்பா ஒரு வானம் அளவு பெரிதாகும்போதுதான் நிழல் மென்மையாகும். பின்புலம் கறுத்துப்போய் நடுப்பகலில் எடுத்த படம் நள்ளிரவு போல வந்தால், ஒரு சாண் பின்னால் ஓர் இலை இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள்.

பிளாஷ் இல்லாதவர்களுக்குக் குடை. ஒரு கையால் பிடித்தால் காற்றையும் வெயிலையும் மறைக்கும். ஏப்ரல் முதல் வாரங்களில் நண்பகல் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது குடை இல்லாமல் பூவை எடுக்கப் போவதே வீண். ஆடும் தண்டை நிறுத்த, மண்ணில் ஊன்றிய ஈர்க்குச்சியில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் கட்டி மெதுவாகப் பிடிக்கச் செய்யலாம். பூ செடியிலேயே இருக்கும், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் கிடைக்கும்.

கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் கமெராவுக்கும் நடுவே 25 மில்லிமீற்றர் நீட்டிப்பு வளையத்தை மாட்டினால் பாதி உண்மை அளவு கூடுதலாகக் கிடைத்துவிடும். வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, ஆகவே மலிவு. கைபேசியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை கிட்டப் போக முடிந்தால் அதுவும் நல்ல பள்ளிக்கூடம்தான், கைபேசியின் நிழலே பூவின்மேல் விழாமல் பார்த்துக்கொண்டால். ஒரு வருடம் இவற்றோடு திரியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் மெக்ரோ வில்லை வாங்கலாம்.

எங்கே போவது என்று கேட்பவர்களை முதலில் அவர்கள் வீட்டுப் பல்கனிக்குத்தான் அனுப்புகிறேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் ஒரு சட்டியில் கறிவேப்பிலை இருந்தாலும் அதைத் தேடி வந்து முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழு சிறு பருவத்தில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறையும். இரசத்துக்கு இலை போய்விடுகிறதே என்று அதை நசுக்கும் வீடுகளே அதிகம். நாலு கொத்து இலையை அதற்கென்று விட்டுவிட்டால், முட்டையிலிருந்து சிறகு வரை முழுக் கதையையும் அடுப்படியிலிருந்து பத்தடி தூரத்தில் எடுத்துவிடலாம். தேசி மரத்திலும் இது நடக்கும்.

வெளியே போவதென்றால் விகாரமகாதேவிப் பூங்காவில் காலை ஏழு மணிக்கு முன் கூட்டமிருக்காது. ஆனால் எனக்குப் பிடித்தவை சதுப்பு நிலங்கள். 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தபோது நம்மவர்கள் பலருக்கு அது செய்தியாகவே படவில்லை. பெத்தகானை, தியசரு என்ற இரண்டு சதுப்பு நிலப் பூங்காக்களிலும் நடைபாதையை விட்டு இறங்காமலே தும்பியும் சிலந்தியும் கண்மட்டத்தில் கிடைக்கும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைக் கண்டால் கூட்டத்தை ஒருமுறை கால் எண்ணிப் பாருங்கள். ஆறுக்குப் பதில் எட்டுக் கால் இருந்தால் அது எறும்பு வேடமிட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல உயர்த்தி ஆட்டிக்கொண்டு நடக்கும். மாலை மங்கும் நேரத்தில் நீலப் பட்டைத் தேனீக்கள் காய்ந்த தண்டைத் தாடையால் கடித்தபடி வரிசையாகத் தொங்கித் தூங்கும். அசையாத பூச்சி வேண்டுமென்று கேட்டவர்களுக்கு இயற்கையே தரும் விடை அது. தூரத்தில் நின்று, தண்டைத் தொடாமல், ஓரிரு முறை மின்னவிட்டு விலகிவிட வேண்டும்.

அந்தப் பக்கம் நாடாளுமன்றம் இருப்பதால் பெரிய கமெராவோடு புதருக்குள் குனிந்து நிற்பவரைக் காவலர்கள் விசாரிப்பது உண்டு. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். எடுத்த தும்பியைத் திரையில் காட்டினால் பேச்சு பெரும்பாலும் தும்பியைப் பற்றியதாகிவிடும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். நமக்கு ஒளி நன்றாக இருக்கும் காலையும் மாலையும்தான் டெங்கு நுளம்புக்கும் வேலை நேரம். நீளக் கைச் சட்டை போடுங்கள். நுளம்புத் தைலத்தில் டீட் என்ற நுளம்பு விரட்டும் இரசாயனம் இருந்தால் அது பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு கமெராவைத் தொட்டால் பிடியின் இறப்பர் பிசுபிசுக்கத் தொடங்கும். அதே கையால் தவளையைத் தூக்கினால் அதன் தோல் தைலத்தை உறிஞ்சிவிடும். தவளையைத் தூக்காமலே இருப்பது நல்லது. சேற்று நீரில் முழங்காலிடும்போது காலில் புண் இருக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. புல்லில் படுப்பதற்கு முன் தடியால் ஒருமுறை தட்டுங்கள், கண்ணாடி விரியன் அசையாமல் கிடக்கும் பாம்பு. மயிர்க்கொட்டிப் புழு பற்றி யாழ்ப்பாணத்து முருங்கை மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கமெராவுக்கு வரும் நோய் பூஞ்சணம். இந்த நகரத்தின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் எழுபது சதவீதத்துக்கு மேல்தான். அலமாரியில் தோலுறைக்குள் பூட்டி வைத்த வில்லையின் கண்ணாடிக்குள் சிலந்திவலை படர்ந்திருப்பதை மழைக்காலம் முடிந்ததும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள், ஒரு சிறு ஈரமானி, இவை போதும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் முள் நிற்க வேண்டும். மணிகளின் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தூசிதான் மிச்சம்.

இனிச் சட்டம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பூச்சிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் பிடித்துச் சாடிகளில் அடைத்து வைத்திருந்த இரு வெளிநாட்டவர்களுக்கு 2024இல் நீதிமன்றம் 6 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. படமெடுத்துவிட்டு விட்டுவிடுவேன் என்ற விளக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். போட்டிகளிலும் இப்போது கண்டிப்பு வந்துவிட்டது. ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக் கலைஞர் என்ற உலகப் போட்டியில் பரிசு பெற்ற படங்கள் 2010இலும் 2018இலும் தகுதி நீக்கப்பட்டன. ஒன்றில் பழக்கப்பட்ட ஓநாய் என்றார்கள், மற்றதில் பஞ்சடைத்த எறும்புதின்னி என்றார்கள்.

இறந்த பூச்சியை எடுப்பதில் தவறில்லை. ஜன்னலோரத்தில் செத்துக் கிடக்கும் ஈ, படங்களை அடுக்கிப் பழக அருமையான பொருள். படத்தின் கீழே ‘இறந்த பூச்சி’ என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். பூவின்மேல் தெளித்த தண்ணீரைப் பனித்துளி என்று எழுதுவதையும் நான் பொறுத்துக்கொள்வதில்லை. கிளிசரின் தெளிப்பவர்கள் பூச்சிக்கு அருகில் வரவே வேண்டாம். பூச்சி உடலின் பக்கவாட்டிலுள்ள நுண்துளைகளால் மூச்சு விடுகிறது, பிசுபிசுப்பு அவற்றை அடைத்துவிடும்.

கடைசியாக, இடம். நம் நாட்டுக்கே உரிய ஓர்கிட்களில் ஒன்று வெசாக் மலர். மே மாதத்தை ஒட்டி ஈரவலயக் காடுகளில் ஊதாவாகப் பூக்கும், பறித்துப் பறித்தே அரிதாகிவிட்டது. கைபேசிப் படத்துக்குள் நீங்கள் நின்ற மரத்தடியின் அமைவிடம் சில மீற்றர் துல்லியத்தில் ஒளிந்திருக்கும், கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடவே போய்விடும். காட்டுக்குப் புறப்படும் முன் கமெராச் செயலியின் அமைப்பில் இடத்தை நிறுத்திவிடுங்கள். எங்கே எடுத்தது என்று யாராவது கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு மேல் கேட்பவரிடம் எதற்கு என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.