ஈஸ்ட் பெருக்கமும் சமையலறை மருந்துகளும்

உடலில் ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சை பெருகியிருப்பதாக யாரோ சொன்னதை நம்பி, மயிலாப்பூரில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் இட்லியையும் தோசையையும் அடியோடு நிறுத்திவிட்டார். மாவு புளிக்கிறதென்றால் அதில் ஈஸ்ட் இருக்கத்தானே வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சென்னை வெயிலில் இட்லி மாவு சீக்கிரமே பொங்கி எழுவதற்கு முதன்மைக் காரணம் லூக்கோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள்தான். ஈஸ்ட்டின் பங்கு சிறிது, அதுவும் ஆவியில் வெந்தபின் உயிரோடு மிஞ்சுவதில்லை. ரொட்டியை உப்பவைக்கும் சாக்கரோமைசஸ் வேறோர் இனம். மனிதர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட். அதுவோ நோயில்லாத பலருடைய வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருப்பது.

குடியிருக்கும் ஒன்று எப்போது நோயாகிறது என்பதே இங்குப் புரிந்துகொள்ள வேண்டியது. கேண்டிடாவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. உருண்டையான செல்களாக இருக்கும்வரை அது பெரும்பாலும் சாது. நீண்ட இழைகளாக மாறும்போது திசுவுக்குள் துளைத்து நுழைகிறது. அந்த இழைகள் கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து மேல்தோல் செல்களைச் சிதைக்கின்றன என்பது 2016இல்தான் கண்டறியப்பட்டது. இந்த மாற்றத்தைத் தடுத்து வைப்பவை நம் நோய் எதிர்ப்பு செல்களும், அதே இடத்தில் வாழும் பாக்டீரியாக்களும்தான். பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அமிலத்தன்மையை ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரையிலான பிஎச் அளவில் வைத்திருக்கின்றன. அந்த அமிலம் கேண்டிடாவைக் கொன்றுவிடுவதில்லை, ஆனால் இழையாக நீள்வதற்கு அது உகந்த சூழல் அன்று. ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவை அழிக்கும், பூஞ்சையைத் தொடாது. சளிக்கோ காய்ச்சலுக்கோ மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியவர்களில் சிலருக்கு அடுத்த வாரமே அரிப்பும் வெள்ளைப்படுதலும் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில்தான் தயிர் வருகிறது. பாக்டீரியா குறைந்துவிட்டதென்றால் தயிரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாமே என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்கள் பாலுக்குப் பழகியவை. பெண்ணுறுப்பில் நிலைத்து வாழும் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் போன்றவை வேறு. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு லாக்டோபேசில்லஸை வாய் வழியாகவும் உறுப்பின் வழியாகவும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2004இல் வெளியானது. பூஞ்சைத் தொற்றை அது தடுக்கவில்லை. தயிர் சாதத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம், மருந்தாகத் தடவிக்கொள்ள வேண்டாம்.

ஈஸ்ட்டுக்கு மருந்தாகச் சொல்லப்படும் தேங்காயெண்ணெயின் கதை இன்னும் சுவையானது. அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். கேப்ரிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. இரண்டுமே ஆய்வகத் தட்டில் கேண்டிடாவைக் கொல்லக்கூடியவை. ஆனால் எண்ணெயில் இந்த அமிலங்கள் கிளிசரால் என்ற மூலக்கூறோடு பிணைந்தே இருக்கின்றன, தனித்து நிற்கும்போதுதான் அவற்றுக்கு அந்த ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது. குடித்தால் செரிமானத்தில் அவை பிரியும் என்பது உண்மையே. பிரிந்தவை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: தலையில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற மற்றோர் ஈஸ்ட், தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே உருவாக்கத் தெரியாமல் நம் தோலின் எண்ணெய்ப்பசையை நம்பி வாழ்வது, பொடுகுக்கு எண்ணெய் தேய்ப்பது அதற்குச் சோறு போடுவதாகக்கூட முடியலாம்.

பூண்டும் இதே வகைதான். நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் ஆய்வகத்தில் பூஞ்சையைக் கொல்கிறது, மெல்லிய சவ்வின் மேல் வைத்தால் நம்மையும் புண்ணாக்குகிறது.

சர்க்கரையை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியாகச் செத்துவிடும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. சர்க்கரை நோய் இல்லாதவர் இனிப்பு சாப்பிட்டாலும் அவருடைய உடல் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அப்படியன்று. எச்சிலிலும் சிறுநீரிலும் குளுக்கோஸ் கூடுகிறது, பூஞ்சையை விழுங்கும் வெள்ளணுக்களின் வேகமும் குறைகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. ஆகவே திரும்பத் திரும்ப வரும் அரிப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இரத்தப் பரிசோதனையைத்தான், உணவுப் பட்டியலை அன்று. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு கூடுகிறது. அப்படி வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உண்மையில் பயன் தரும் இயற்கை வழிகள் பார்ப்பதற்கு மருந்து போலவே இருக்காது. சென்னையின் புழுக்கத்தில் அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு ஆகியவை நாள் முழுதும் ஈரமாக இருக்கின்றன. குளித்தபின் அங்கெல்லாம் துடைத்து உலரவிட்டு, தளர்ந்த பருத்தி ஆடை உடுத்துவதே கேண்டிடா விரும்பும் ஈரத்தைப் பறிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் நடந்துவந்தவர்கள் கால்விரல் இடுக்குகளை உலர்த்தாமல் விட்டால் சேற்றுப்புண் வருகிறது. அதற்குக் காரணமான பூஞ்சைகளில் கேண்டிடாவும் ஒன்று. பல்செட் அணிபவர் இரவில் அதைக் கழற்றிச் சுத்தப்படுத்துவதும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர் உடனே வாய் கொப்பளித்துத் துப்புவதும் வாயில் வெண்படலம் வராமல் காக்கின்றன.

காலையில் டம்ளர் தண்ணீரில் எச்சிலைத் துப்பி, அது நூலாக இறங்கினால் கேண்டிடா என்று கணிக்கும் பரிசோதனைக்கு அடிப்படையே இல்லை. எச்சிலில் உள்ள கோழை அப்படித்தான் இறங்கும். வெள்ளைப்படுதல் எல்லாமே ஈஸ்ட்டும் அன்று, பாக்டீரியாவாலும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாலும் வருவதற்கு மருந்து வேறு. விழுங்கவே வலிக்கும் அளவுக்கு வாயிலும் தொண்டையிலும் படலம் பரவினாலோ, கர்ப்ப காலத்தில் அரிப்பு வந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது.

இயற்கையானதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு மருந்துக் கடையிலேயே ஒன்று இருக்கிறது. எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் புல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து 1950இல் அறிவித்த நிஸ்டாட்டின் அது. அவர்கள் பணியாற்றிய நியூயார்க் ஸ்டேட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு அதில் ஓட்டை போடுகிறது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால் என்பதால் நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதும் இல்லை என்பதால், கைக்குழந்தையின் நாக்கில் படியும் வெண்படலத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சொட்டு மருந்துகளில் அதுவும் ஒன்றாக இருந்துவருகிறது.