மறைத்த பனைமரம் ஏன் திரும்பி வருகிறது?

வாசகர் ஒருவர் சுவையான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். கல்லூரி நாட்களில், ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரை ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினாராம். அதன் இடப்பக்கம் நிற்கும் பனைமரம் இப்போது அவர் கண்ணை உறுத்துகிறது. அதை வானத்தின் நிறத்தால் மூடிவிட்டால், புதிய வண்ணம் பழையதன் மேல் பிடித்து நிற்குமா, மரம் ஒரேயடியாக மறைந்துவிடுமா என்று கேட்கிறார். முதல் கேள்விக்குச் சில வரிகளில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முடிந்த ஓவியத்தை மீண்டும் தொடும் ஆசை பெரிய ஓவியர்களையும் விட்டதில்லை. பிரெஞ்சு ஓவியர் பியர் பொன்னார் 1920-களின் தொடக்கத்தில் தீட்டிய தோட்டக் காட்சி ஒன்றை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1945-46-ல் மறுபடியும் எடுத்துத் திருத்தினார். 1947 ஜனவரியில் இறப்பதற்குச் சற்று முன், தூரிகை பிடிக்கக் கையில் வலுவில்லாத நிலையில், பூத்து நிற்கும் வாதுமை மரத்தின் அடியில் இருந்த பச்சையை மஞ்சளாக்கித் தரும்படி தம் உறவினரிடம் கேட்டுக்கொண்டார்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. நிறத்தூளைக் குழைக்கப் பயன்படும் ஆளி விதை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டிய இடங்களில் காற்றின் ஆக்சிஜன் நுழைந்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்குகிறது. அதனால் காயத் தொடங்கும் எண்ணெயின் எடை குறையாமல் முதலில் கூடுகிறது. அடுக்களையின் புகைபோக்கி விசிறியில் படிந்து, தேய்த்தாலும் போகாத அந்தப் பிசுக்கும் இதே வேதியியலின் பிள்ளைதான். இரட்டைப் பிணைப்பு மிகக் குறைந்த தேங்காய் எண்ணெயில் வண்ணம் குழைத்தால் அது காயவே காயாது. ஆளி விதை எண்ணெய்ப் படலம் சில நாட்களில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டாலும், உள்ளே வலை பின்னும் வேலை பல பத்தாண்டுகள் தொடர்கிறது. நம் கதை தொடங்குவது அங்கேதான்.

வடை மடித்துக் கொடுத்த தாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி போலாகி, மறுபக்கத்து எழுத்து தெரியும். ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். தாளின் நார்களுக்கு அது ஏறத்தாழ 1.5, அவற்றின் இடுக்குகளில் இருக்கும் காற்றுக்கு 1. ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொன்றுக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும், இவ்விரு எண்களின் வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரு பங்கு திரும்பி வருகிறது. அப்படி ஆயிரக்கணக்கான எல்லைகளிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியைத்தான் நாம் தாளின் வெண்மை என்கிறோம். காற்றின் இடத்தை 1.47 எண்ணுள்ள எண்ணெய் பிடித்ததும் வேறுபாடு ஏறக்குறைய அற்றுப்போகிறது. ஒளி தடையின்றிக் கடந்துவிடுகிறது. சுவரில் பளிச்சென்று இருக்கும் சுண்ணத் தூள், எண்ணெயில் குழைத்தால் மங்கி ஊடுதெரியும் களிம்பாவதும் இதனால்தான்.

ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்த, ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை நிறத்தூளான ஈய வெள்ளையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2. புதிய ஆளி எண்ணெயின் எண் 1.48. செங்குத்தாக விழும் ஒளிக்குக் கணக்கிட்டால், துகளின் ஒவ்வோர் எல்லையிலும் 2.2 சதவீதம் திரும்புகிறது. சிறிய அளவுதான் என்றாலும், எண்ணற்ற துகள்கள் சேர்ந்து அடியில் உள்ளதை நன்றாகவே மறைத்துவிடுகின்றன. ஆனால் வலை இறுக இறுக எண்ணெயின் ஒளிவிலகல் எண் மெல்ல ஏறி, காலப்போக்கில் 1.55-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அப்போது அதே எல்லையில் திரும்புவது 1.6 சதவீதம் மட்டுமே. மறைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், யாரும் தொடாமலேயே, கரைந்துபோயிற்று. போதாதென்று, ஈயம் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து ஈய சோப்பாகி, துகள்களே தேய்கின்றன. வண்ணப் படலம் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய் ஊறிய வடைத் தாளாகிக்கொண்டே இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பல நாட்கள் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் பீட்டர் த ஹோஹ் 1658 வாக்கில் தீட்டிய வீட்டுக்காட்சி ஒன்று இருக்கிறது. அதில் பணிப்பெண்ணை அவர் பின்னர் சேர்த்திருக்கிறார். இன்று அவளுடைய பாவாடையின் ஊடே தரையின் கட்டங்கள் தெரிகின்றன. மறைத்த உருவம் இப்படி மேலெழுவதைக் குறிக்க, மனம் வருந்துதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்த 'பென்டிமென்டோ' என்ற பெயர் உண்டு. பழைய வீட்டுப் படத்தில் யாரோ புதிதாக நிற்பதாகச் சொல்லிப் படத்துக்குப் பரிகாரம் தேடுகிறவர்கள், ஒளிவிலகல் எண் பற்றிய ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஒருமுறை புரட்டினால் செலவு மிஞ்சும்.

மறைத்தது வெளிவருவது எப்போதும் முதுமையால் மட்டும் நிகழ்வதில்லை. ஹென்ட்ரிக் வான் அந்தோனிசன் 1641 வாக்கில் தீட்டிய ஸ்கெவெனிங்கன் கடற்கரைக் காட்சி, 1873 முதல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் கூட்டம் எதற்குக் கூடியிருக்கிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. 2014-ல் அதைத் தூய்மைப்படுத்தியபோது, அடிவானத்தின் மேல் அந்தரத்தில் ஒரு மனிதர் முளைத்தார். மேற்பூச்சை முழுவதும் நீக்கியதும், அவர் நிற்பது கரையொதுங்கிய திமிங்கலத்தின் மீது என்று தெரிந்தது. ஓவியம் பிறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின் வேறு யாரோ அதை மூடியிருக்கிறார்கள். இப்படிப் பின்னாளில் ஏறிய பூச்சை அகற்ற முடிவதற்கும் அந்த வலையே காரணம்: நன்கு இறுகிய பழைய படலத்தைவிட இளைய படலம் கரைப்பானுக்கு எளிதில் இளகுகிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே பழம்பொருட்களைப் பாதுகாக்கவென வேதியியல் கூடம் அமைத்தார்கள். அவ்வளவு முன்னதாகத் தொடங்கிய நாட்டில், ஓவியத்தை ஆராய்வது ஏதோ அலங்கார வேலை என்பதுபோல் நிதியை ஒதுக்கும் மனப்பான்மை இன்னும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி வாசகரின் பனைமரம். மேலே மெருகெண்ணெய் (வார்னிஷ்) பூசியிருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். இல்லையேல் பிற்காலத்தில் மெருகைக் கழுவும்போது புதிய வானமும் அதோடு போய்விடும். அக்ரிலிக் வண்ணம் எண்ணெய்ப் படலத்தில் பிடிக்காது. பழையதைப் போல அல்லது அதைவிடச் சற்று எண்ணெய் மிகுந்த வண்ணமே மேலே வர வேண்டும், அப்போதுதான் வெடிக்காது. துத்தநாக வெள்ளை நாளடைவில் நொறுங்கிப் பெயரும் இயல்புடையது. 2.7 ஒளிவிலகல் எண்ணுள்ள டைட்டானியம் வெள்ளையில் ஒவ்வோர் எல்லையும் 8.5 சதவீத ஒளியைத் திருப்புகிறது. எண்ணெய் முதிர்ந்த பின்னும் அது 7.3 சதவீதத்துக்குக் கீழே போகாது. ஆகவே மரத்தின் நிறம் அவர் காலத்தில் திரும்பி வராது. புதிய எண்ணெய் பழுப்பேறும் என்பதால், இன்று பழைய வானத்தோடு மிகச் சரியாகப் பொருந்தும் நீலம் சில ஆண்டுகளில் திட்டாகத் தெரியும். மரத்தை மட்டும் மூடாமல் வானம் முழுவதையும் மீண்டும் தீட்டிவிடுவது நல்லது. அதற்கு முன், அடிமரத்தில் தடித்திருக்கும் தூரிகை வரம்புகளைத் தூசி பறக்காமல் கத்தியால் மெல்லச் சீவிவிட வேண்டும், பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சீவாமல் விட்டால் எந்த வெள்ளையும் உதவாது: சன்னல் வழியே மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அந்த வரம்புகளின் நிழலில் பனைமரம் அப்படியே நிற்கும்.